13 ஆட்டங்களிலிருந்து நான் கேட்பது

ஒருவழியாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து தொடங்கும் தேதி வந்துவிட்டது. 2026 பிப்ரவரி 14. ஜனவரி 6ஆம் தேதி மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்த அன்று இரவே நண்பன் போன் செய்தான். நம் அணி சென்னையின் எஃப்சி ஆடும் ஆட்டங்களுக்கு 2015லிருந்து என்னோடு வருகிறவன். ஹலோ கூடச் சொல்லவில்லை, "சரி, இந்த வருஷம் என்னடா எதிர்பார்க்குற?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. முன்பெல்லாம் யோசிக்காமல் "கப்புடா, வேறென்ன" என்று சொல்லியிருப்பேன். இந்த முறை வாய் வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடந்த ஏழு மாதங்களாக நம்மில் பலர் அணியைப் பற்றிப் பேசவே இல்லை, லீக் நடக்குமா நடக்காதா என்பதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஜூலையில் ஐஎஸ்எல் காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பர் 8ஆம் தேதியோடு முடியப்போகிறது, அதற்குமேல் என்ன என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தெரியாமையிலேயே மாதங்கள் ஓடின. நம் கோச் ஓவன் காய்ல் அந்த ஜூலையிலேயே கிளம்பிவிட்டார். ஆகஸ்டில் முதலில் பெங்களூரு, அடுத்து நம் அணி, வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறோம் என்று சொன்னார்கள். அந்த அறிக்கையை நான் மூன்று முறை படித்தேன். ஒரு ஆட்டம் தோற்றால் அடுத்த வாரம் ஜெயிக்கலாம், இதை எதைக் கொண்டு சரிசெய்வது என்றே புரியவில்லை. லீக்கை நடத்த டெண்டர் விட்டார்கள், ஒருவரும் வரவில்லை. புத்தாண்டு பிறந்த கையோடு சேத்ரி, குர்ப்ரீத், ஜிங்கன் எல்லாம் வீடியோவில் வந்து, ஃபிஃபாவாவது தலையிட்டு இந்திய கால்பந்தைக் காப்பாற்றட்டும் என்று கேட்டார்கள். நாட்டுக்காக அத்தனை வருடம் ஆடியவர்கள், ஆடுவதற்கு ஒரு லீக் கொடுங்கள் என்று கேட்டு நின்றதைப் பார்த்தபோது மனசு கனத்துப் போனது.

இப்போது 14 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஒரே ஒரு முறை மோதும், மொத்தம் 91 ஆட்டங்கள். நமக்கு 13. போன சீசனில் 24 ஆடினோம், அதில் கிட்டத்தட்ட பாதிதான். ஆறோ ஏழோ நம் ஊரில், மிச்சம் வெளியூரில். ஒரு சீசன் என்று சொல்வதற்கே கொஞ்சம் சின்னதுதான். ஆனாலும் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

சரி, அணிக்கு வருவோம்.

போன சீசனை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. 13 அணிகளில் 11ஆம் இடம். 24 ஆட்டங்களில் 7 வெற்றி, 27 பாயிண்ட். நமக்குக் கீழே ஹைதராபாத்தும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மட்டும்தான். இதில் எனக்கு அதிகம் வலித்தது என்னவென்றால், இது ஒன்றும் கோல் அடிக்கத் தெரியாத அணி இல்லை. ஐந்தாம் இடத்தில் முடித்த ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரிலேயே போய் 5-1 என்று அடித்தோம், கடைசி ஆட்டத்தில் அதே ஜாம்ஷெட்பூரைச் சென்னையில் 5-2. ஒரே எதிரணிக்கு எதிராகப் பத்து கோல்! அந்த இரண்டு ஆட்டங்களை மட்டும் பார்த்த ஒருவரிடம் இந்த அணி 11ஆவதாக முடித்தது என்று சொன்னால் நம்பமாட்டார். அப்புறம் ஒடிசாவோடு ஒரு ஆட்டம், ஜனவரியில். ஆஃப் டைம் முடிந்து வந்ததும் வில்மர் ஜோர்டான் அடுத்தடுத்து இரண்டு கோல், 2-0. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் மிட்ஃபீல்ட் பத்து பத்து அடியாகப் பின்னால் வந்தது. பந்தை வெட்டி எறிவது, அது திரும்பி வருவது, மறுபடி வெட்டி எறிவது. 80ஆவது நிமிடத்தில் ஒன்று வாங்கினோம், இஞ்சுரி டைமின் கடைசியில் இன்னொன்று. 2-2. ஆட்டம் முடிந்து விசில் ஊதியபோது ஸ்டாண்டில் யாரும் கத்தவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனார்கள்.

அந்த அமைதி எனக்குப் புதிது. தோற்ற கோபத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபம் இருக்கிறவரை ஆள் அடுத்த ஆட்டத்துக்கு வருவான். இப்படிச் சத்தமில்லாமல் படியிறங்குகிறவன்தான் வராமல் போகிறவன்.

அதே மாதக் கடைசியில் கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தார்கள். மற்ற எந்த ஆட்டம் எப்படிப் போனாலும் இதை மட்டும் விடக்கூடாது என்று நினைக்கிற ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கினோம். முதல் பாதி முடிவதற்குள் வில்மர் ஜோர்டானுக்குச் சிவப்பு அட்டை. பத்து பேரோடு மீதி ஆட்டம், கடைசியில் 1-3. எனக்கு இரண்டு வரிசை முன்னால் பத்து வயது இருக்கும் ஒரு பையன், நீல ஜெர்சி அவனுக்கு முட்டி வரை தொங்கியது, இன்னும் இரண்டு வருடம் போடட்டும் என்று பெரிய சைஸாக எடுத்திருப்பார்கள். மூன்றாவது கோல் விழுந்ததும் அப்பாவிடம் திரும்பி, "இப்போ நாம மூணு போட்டா டிராவாப்பா?" என்று கேட்டான். அப்பா "ஆமாடா" என்றார். அவன் மறுபடி மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கடைசி நிமிடத்தில் ஒன்று போட்டோமே, அதற்கு அவன் குதித்த குதியை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பையன் இந்த வருடமும் வருவானா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியாக வேண்டும். நம் அணியின் ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு. டேபிளில் கீழே கிடக்கும்போதெல்லாம், "பொறு, நாம கடைசியில இருந்துதான் எழுவோம்" என்போம். அதைச் சும்மாவும் சொல்லவில்லை, வரலாறு இருக்கிறது. 2015ல் பத்து ஆட்டம் முடிந்தபோது கடைசி இடத்தில் இருந்தோம். மீதி நான்கையும் ஜெயித்து செமி ஃபைனலுக்குள் போனோம். ஊரே வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த டிசம்பர் அது, சொந்த மண்ணில் ஆட வேண்டிய செமி ஃபைனலைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கேயும் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். ஃபைனல் கோவாவில், கோவாவோடு. 87ஆவது நிமிடத்தில் அவர்கள் 2-1 என்று முன்னால் போனார்கள். முடிந்தது என்று எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். 90ஆவது நிமிடத்தில் அவர்களின் கோல்கீப்பர் கட்டிமணி ஓன் கோல், அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசா. 3-2. சாம்பியன். வீட்டுக்குள் தண்ணீர் ஏறி வடிந்த கறை சுவரில் காயாமல் இருந்த சமயத்தில் அந்தக் கோப்பை வந்தது. அதை நான் வேறு எந்தக் கோப்பையோடும் ஒப்பிடமாட்டேன்.

2018 ஃபைனலில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2. சேத்ரி முதலில் போட, மெயில்சன் இரண்டு முறை தலையால் முட்டிப் போட்டார், மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. இரண்டாவது கோப்பை.

அடுத்த சீசன், நடப்பு சாம்பியன், 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 பாயிண்ட், கடைசி இடம். எப்படிப்பட்ட அணியை நேசிக்கிறோம் என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு வருடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும்.

அப்புறம் 2019-20. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, நேரு ஸ்டேடியத்தில். நண்பனும் நானும் பி ஸ்டாண்டில். 90 நிமிடம் 0-0. பாதிப் பேர் மெட்ரோவைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். இஞ்சுரி டைமில் ஷெம்ப்ரி போட்டார், அந்த சீசனின் முதல் கோல், நாங்கள் அழாத குறைதான். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, ஹைதராபாத் சமன் செய்துவிட்டது. நண்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்திருக்கும்போதே வால்ஸ்கிஸ் போட்டுவிட்டார். 2-1. அவன் அந்தக் கோலை நேரில் பார்க்கவே இல்லை, நான் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கியபோதுதான் தெரிந்தது. அடுத்த ஆட்டத்தோடு கோச் ஜான் கிரெகரி விலகினார், ஓவன் காய்ல் வந்தார், அடிமட்டத்தில் இருந்த அதே அணி நான்காவதாக முடித்தது, செமி ஃபைனலில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வென்றது, ஃபைனல் வரை போனது. கொரோனா காரணமாக ஆளே இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றோம். தோற்றாலும் அந்த சீசன் எங்களுக்குள் ஒரு நம்பிக்கையைப் போட்டுவிட்டது: கீழே போனால் என்ன, யாரோ ஒருவர் வந்து தூக்கிவிடுவார்.

அந்த நம்பிக்கையில்தான் பிசகு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பாருங்கள், அதற்குப் பிறகு கோச் சாபா லாஸ்லோ, எட்டாம் இடம். பாண்டோவிச், பாதியில் போனார், சபீர் பாஷா பொறுப்பேற்றார், எட்டாம் இடம். பிர்டாரிச், எட்டாம் இடம். காய்ல் திரும்பி வந்தார், ஆறாம் இடம், பிளே ஆஃப், கோவாவிடம் தோல்வி. அடுத்த வருடம் பதினொன்று. இப்போது கிளிஃபோர்ட் மிராண்டா. ஐந்து சீசனில் இத்தனை கோச். ஒவ்வொருவரும் வந்து தனக்குப் பிடித்த மாதிரி ஆட்டத்தைக் கட்ட ஆரம்பிப்பார், தனக்கேற்ற வெளிநாட்டு வீரர்களைக் கேட்பார், வீரர்கள் வந்து ஊர் பழகி, பக்கத்தில் ஆடுகிறவனின் ஓட்டம் பழகும்போது சீசன் முடிந்துவிடும். மேலே வராவிட்டால் கோச் போவார், அவர் கொண்டுவந்தவர்களும் போவார்கள், மறுபடி அ, ஆவன்னா. இதற்கிடையில் சாங்டே மும்பைக்குப் போனார், தாபா மோகன் பகானுக்குப் போனார். இரண்டு பேரும் நம்மிடம் வளர்ந்து, அங்கே போய்க் கோப்பை தூக்கினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஜெயிக்கிற இடத்துக்கு வீரன் போகத்தான் செய்வான். ஆனால் அவர்கள் இருவரையும் மையமாக வைத்து மூன்று வருடம் ஒரே மாதிரி ஆடும் அணி ஒன்றை நாம் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் போகமாட்டேன் என்கிறது.

அதனால் என் முதல் எதிர்பார்ப்பு கோல் சம்பந்தப்பட்டதே இல்லை. இந்த 13 ஆட்டங்கள் எப்படிப் போனாலும், அடுத்த சீசனும் மிராண்டாவே கோச்சாக இருக்க வேண்டும். மோசமாகப் போனாலும்.

சூப்பர் கப்பைப் பார்த்துவிட்டுமா இப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பார்த்தேன். அக்டோபரில் கோவாவில், மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4, டெம்போவோடு டிரா. ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை நான் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன், சுலபமாக இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், முந்தைய இரண்டு மாதம் சம்பளம் உண்டா இல்லையா என்று தெரியாமல் இருந்த வீரர்கள், சரியான முன்தயாரிப்பு இல்லை, கோச் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, எதிரே ஆடியவர்களில் இரண்டு பேரோ பெரிய அணிகள். அந்த மூன்று ஆட்டங்களை வைத்து ஒரு மனிதரை எடைபோடுவது நியாயமே இல்லை. மிராண்டா ஒடிசாவில் இடைக்கால கோச்சாக இருந்து 2023 சூப்பர் கப்பை ஜெயித்தவர், அப்புறம் மோகன் பகானில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், இந்திய வீரர்களை உள்ளும் புறமும் தெரிந்தவர். வெளிநாட்டு வீரர்கள் வருவார்களா, வந்தாலும் எத்தனை பேர் என்று தெரியாத இந்த மாதிரி நேரத்தில், கையில் இருக்கும் இந்திய வீரர்களை வைத்து ஒரு அணியை நிமிர்த்த வேண்டுமென்றால் அவரைப் போன்ற ஒருவர்தான் வேண்டும். என் கவலையெல்லாம் அவருக்கு நேரம் கொடுப்பார்களா என்பதுதான். கொடுக்க நாமும் தயாரா? முதல் மூன்று ஆட்டம் தோற்றால் நான்காவது ஆட்டத்தில் ஸ்டாண்டிலிருந்து "கோச்சை மாத்து" என்று கத்தப்போவது நாம்தானே. நான் கத்தமாட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, எண்ணிக்கையில் சொல் என்றால், 20 பாயிண்ட். போன சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றைக் கொஞ்சம் தாண்டி எடுத்தோம், அதே கணக்கில் போனால் 13 ஆட்டத்துக்கு 15தான் வரும். அதற்கு மேலே ஒரு ஐந்து கேட்கிறேன். ஐந்து வெற்றி, ஐந்து டிரா, மூன்று தோல்வி. நண்பன் இதைக் கேட்டதும், "டிராவையெல்லாம் எதிர்பார்ப்பா வைப்பியா?" என்றான். வைப்பேன். ஒடிசா ஆட்டம் மாதிரி ஜெயிக்க வேண்டியது டிராவாகப் போனது ஒரு வகை. தோற்க வேண்டியதை இழுத்துப் பிடித்து டிராவாக்குவது வேறு வகை. வெளியூரில் போய், 0-1 என்று பின்தங்கி, 70ஆவது நிமிடத்தில் ஒன்றைப் போட்டு, மீதி இருபது நிமிடம் பல்லைக் கடித்து நின்று ஒரு பாயிண்டோடு வருகிற அணிக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று அர்த்தம். போன வருடம் நமக்கு இல்லாதது அதுதான். நம் ஊரில் நடக்கும் ஆறு, ஏழு ஆட்டங்களில் மட்டும் ஒரு 12 பாயிண்ட் எடுத்துவிட்டால் மிச்சத்தை வெளியூரில் பொறுக்கிக்கொள்ளலாம்.

கோலுக்கு முன்னால் நவாஸ் இருக்கிறார். போன வருடம் வாங்கிய கோல்களை எல்லோரும் அவர் தலையில் கட்டினார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தனக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறினால் எந்தக் கீப்பரும் திணறத்தான் செய்வார். ப்ரீதம் கோட்டால் மாதிரி அனுபவசாலி ஒருவர் பின்வரிசையில் நிலையாக நின்று, பக்கத்தில் ஆடுகிறவரையும் மாற்றாமல் விட்டால் அந்த வரிசை தானாக இறுகும். முன்னால் ஃபாரூக் சௌத்ரியும் இர்ஃபான் யத்வாதும். இர்ஃபானைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் இருக்கும்போது இந்திய ஸ்ட்ரைக்கரை ஓரத்துக்குத் தள்ளுவது இந்த லீக்கில் எல்லா அணியும் செய்வது, அதனால்தான் சேத்ரிக்குப் பிறகு யார் என்று பத்து வருடமாக நாடே கேட்டுக்கொண்டிருக்கிறது. நம்மிடம் ஜேஜே இருந்தார், நடுவில் நிறுத்தினோம், கோலாகப் போட்டார். 13 ஆட்டத்திலும் இர்ஃபானை நடுவில் நிறுத்துங்கள். ஐந்து ஆட்டம் கோல் போடாவிட்டாலும் நிறுத்துங்கள். ஆறாவதில் போடுவார்.

இன்னொன்று, இதை ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்திருந்தேன். நம் அணியின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? சென்னையின். வேற்றுமை உருபோடு நிற்கிற பெயர். சென்னையின் அணி, சென்னையின் வீரர்கள், சென்னையின் பிள்ளைகள், அடுத்த சொல்லை நாம் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். 2018ல் கோப்பை தூக்கிய அணியில் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் இருந்தார். எட்வின் வான்ஸ்பால் இருந்த வருடங்களில் ஃபுல் பேக், மிட்ஃபீல்ட் என்று எங்கே நிறுத்தினாலும் ஆடினார். இப்போது? நந்தகுமார் ஈஸ்ட் பெங்காலில். 2023 டியூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக டெர்பியை ஜெயித்துக் கொடுத்த கோலை அடித்த நம் ஊர்ப் பையன், கொல்கத்தாவே அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. சிவசக்தி காரைக்குடிப் பக்கத்திலிருந்து கிளம்பி பெங்களூருவில். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 2018-19ல் ஐ லீக்கையே ஜெயித்த சென்னை சிட்டி இன்று களத்திலேயே இல்லை. ஆகத் தமிழ்நாட்டிலிருந்து மேல் மட்டத்துக்குப் போக ஒரு பையனுக்கு இருக்கிற பெரிய வாசல் நம் அணிதான். அந்த வாசல் கொஞ்சமாவது திறந்திருக்கிறதா என்பது எனக்கு டேபிளில் எந்த இடம் என்பதைவிடப் பெரிய கேள்வி. ஆட்டத்துக்கு மூன்று பேர், வேண்டாம், இரண்டு பேராவது நம் பையன்கள் களத்தில் இருக்க வேண்டும். சும்மா பெஞ்சில் உட்காரவைத்துக் கணக்குக் காட்டுவது இல்லை, 60 நிமிடம், 70 நிமிடம் ஆட வேண்டும். தப்பு செய்யட்டும். ஒரு பாஸ் தப்பாகப் போனதும் மாற்றிவிடாமல் விடுங்கள். சின்ன சீசன், இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண் தரையில் ஆடுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரோரம் பந்து போனால் சுவரிலேயே அடித்துத் திருப்பித் தனக்கே பாஸ் வாங்கிக்கொள்வான், இரண்டு பேருக்கு நடுவில் இடமே இல்லாத இடத்தில் காலை விட்டுப் பந்தை எடுப்பான். அவனுக்கும் பெரியமேட்டில் இருக்கிற மைதானத்துக்கும் இடையில் சில கிலோமீட்டர்தான் தூரம்.

மைதானம் என்றதும் நம்மைப் பற்றியும் ஒன்று. நேரு ஸ்டேடியத்தில் ஸ்டாண்டுக்கும் களத்துக்கும் நடுவில் ஓடுதளம் கிடக்கிறது. கொச்சியில் கத்துகிற அளவு ஆள் இங்கே கத்தினாலும் பாதிச் சத்தம் காற்றில் போய்விடும். கூட்டம் குறையும்போது அது இன்னும் மோசம், கோல்கீப்பர் டிஃபென்டரைப் பார்த்துக் கத்துவது மேல் வரிசை வரை கேட்கிறது. நம் ரசிகர் குழுக்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸும் சூப்பர் மச்சான்ஸும் எந்தத் தோல்வியிலும் தப்பாமல் வந்து 90 நிமிடமும் நின்று பாடினார்கள், அவர்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அவர்கள் மட்டும் போதாது. இந்த வருடம் ஆறு, ஏழு மாலைகள்தான், மொத்தமாகவே. லீக்கை நடத்தலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரின் கூட்டத்தையும் எண்ணுவார்கள். சம்பளம் நிற்குமோ என்று பயந்துகொண்டே பயிற்சிக்கு வந்த வீரர் சுரங்க வழியிலிருந்து வெளியே வந்து தலையைத் தூக்கும்போது காலி நாற்காலிகளைப் பார்க்கக் கூடாது. டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன், ஒரு ஆட்டத்துக்காவது வாருங்கள். கேரளாவோடு ஆட்டம் நம் ஊரில் விழுந்தால் அதற்கு வாருங்கள்.

நேற்று ராத்திரி நண்பனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். 20 பாயிண்ட், இர்ஃபான் நடுவில், நம் பையன்கள் இரண்டு பேர், கோச்சை மாற்றக் கூடாது. முழுசாகக் கேட்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கப்பு?" என்றான்.

"வந்தா வேணாம்னா சொல்லப் போறேன்," என்றேன்.

"சரி. முழு அட்டவணை வந்ததும் சொல்லு, லீவு போடணும்." வைக்கப் போனவன் நிறுத்தி, "அந்த ஹைதராபாத் மேட்ச் மாதிரி வந்துச்சுன்னா, நான் உட்கார்ந்துட்டா முன்னாடியே தூக்கிவிடுடா," என்றான்.